ஒரு சுற்று குறைவு

அக்டோபர் 14, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. கீரனூரில் எல்லோரும் முகம் மலர்ந்து நடக்கிறார்கள். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

எங்கள் லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக்கு வெகு தூரம் அப்பால் இருக்கும் அகச்சிவப்பு. லட்சக்கணக்கான டிகிரியில் கிடக்கும் பிளாஸ்மாவுக்குள் புகுந்து மறுபக்கம் முழுசாக வெளியே வந்துவிடும். ஆனால் ஈரக்காற்று பட்டால் போதும், பாதி வழியிலேயே உயிரை விட்டுவிடும். அதனால் கதிர் போகும் குழாய்களில் எல்லாம் உலர்ந்த காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றை உலர்த்துவது சிலிக்கா ஜெல் என்ற நீல மணிகள். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். சூடாக்கினால் மறுபடி நீலம். சூடாக்கும் மின்னடுப்பு ஆய்வகத்தில் பழுதாகி மாதக்கணக்காகிறது. சூரியனைப் பூமிக்குக் கொண்டுவரப் போகிற நிலையத்தில் ஓர் அடுப்பு வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டுமாம்.

மணிகளை வீட்டுக்குத் தூக்கி வந்து, கல்யாணப் பரிசாக வந்து ஒரு நாளும் சமைக்காத எங்கள் மின்னடுப்பில் வைத்தேன். சபாபதி எட்டிப் பார்த்தார். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கணவருக்குச் சமையலறையை எட்டிப் பார்ப்பதுதான் முழுநேர வேலை.

"என்ன வல்லி, ஜவ்வரிசியா?"

"லேசருக்குப் பத்தியச் சாப்பாடு."

"நமக்கு?"

"ரசம் இருக்கு. சுட வச்சுக்குங்க."

அக்டோபர் 15, புதன்

இயக்குநர் கோதண்டபாணி கூட்டம் போட்டார். நவம்பர் ஆறாம் தேதி டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. நம் இயந்திரம் வாக்குக் கொடுத்த பிளாஸ்மா அடர்த்தியை அதற்குள் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இயந்திரத்தைப் பிரித்து வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டடம் பயிற்சி மையமாகும்.

இயந்திரத்தின் அரசாங்கப் பெயர் செங்கதிர். பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தில் கட்டி வளையமாகச் சுற்றவிடும் டோகமாக். கண்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் அது 'வடை'. பதினான்கு வருடமாக அந்த வடைக்குள் எவ்வளவு மாவு இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. நான் சொல்வதுதான் அடர்த்தி. வேறு யாரும் சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஃபிளெக்ஸ் கடைக்காரர் அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார். 'சாதனை அடர்த்தி' என்று அடிக்கவாம். சாதனை இன்னும் நடக்கவில்லை. கோதண்டபாணி சார் எப்போதும் பந்தியைப் போட்டுவிட்டுத்தான் அரிசியை ஊறப்போடுவார்.

அக்டோபர் 17, வெள்ளி

இருதயராஜ் விஷயத்தை எழுதியாக வேண்டும்.

ஒரே லேசர், இரண்டு குடித்தனம். என் கதிரில் ஒரு பங்கை ஓர் அரைக்கண்ணாடி திருப்பி அவர் பக்கம் அனுப்புகிறது. பாதி ஒளியை விட்டு மீதியைத் திருப்புகிற கண்ணாடி. காந்தப்புலத்துக்குள் போகும் ஒளியின் அதிர்வுத் திசை கொஞ்சம் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறேன் என்கிறார். ஆறு வருடமாக அளக்கிறார். அவர் வரைபடத்தைப் பார்த்தால் மீன் குழம்பு கொதிப்பதுதான் நினைவுக்கு வரும். ஆள் பப்ஸ் தின்றுகொண்டே வேலை செய்வார். விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டினால் ஒரு வேளை டிபன் ஆகும்.

மழைக்காலத்தில் எனக்கே கதிர் போதவில்லை. அவருடைய அளவீட்டுச் சேனல் நம்பத்தகுந்தது அல்ல, அந்தப் பங்கை எனக்கே திருப்பித் தர வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். இன்று கோதண்டபாணி கையெழுத்துப் போட்டுவிட்டார். குழுவுக்குப் போகும் கோப்பில் பதினொன்றாம் பக்கமாகச் சேர்த்தும் விட்டார். இருதயராஜுக்கு ஒப்பந்த வேலை, டிசம்பரோடு முடிகிறது. சேனல் இல்லையென்றால் நீட்டிக்க மாட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய? அளவை என்றால் அளக்க வேண்டும்.

"கண்ணாடிய நீங்களே கழட்டிருங்க மேடம். உங்க லேசர்தானே," என்றார் இயக்குநர். "அவர்கிட்ட அப்பறமா நான் சொல்லிக்கறேன்."

சொல்லமாட்டார். கெட்ட செய்தி என்றால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அக்டோபர் 18, சனி

கழற்றப் போனேன். திருகு இறுகியிருந்தது. தீபாவளி கழித்துப் பார்க்கலாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இருதயராஜ் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வந்தார். வருடா வருடம் வருவார், யார் கூப்பிட்டார்களோ. முறுக்கு நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னார். சின்னப் பெண், "லேசர் ஆன்ட்டி, அப்பாவோட லேசரும் உங்க லேசரும் ஒண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சபாபதி என்னைப் பார்த்தார். கண்ணாடி விஷயத்தை அவரிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 22, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு ஷாட், அதாவது வடையை ஒரு தடவை பற்றவைத்து அணைப்பது. பிளாஸ்மா வந்து நிலைபெற்றதும் உறைந்த ஹைட்ரஜனை மிளகளவு குண்டாக உள்ளே சுட்டார்கள். அது ஆவியாகிக் கரைந்ததும் அடர்த்தி சுவர் ஏறுவது போல ஏறியது. அரை விநாடிக்குள் எல்லாம் முடிந்தது. கண்ட்ரோல் ரூமில் கைதட்டல். பிறகு எல்லோரும் என் திரையைப் பார்த்தார்கள்.

நான் அளப்பது இப்படி. லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து ஒன்றைப் பிளாஸ்மாவுக்குள் விடுவேன், மற்றதை வெளியே சுற்றவிடுவேன். திரும்பச் சேரும்போது உள்ளே போனது எத்தனை அலை விலகியிருக்கிறது என்று எண்ணினால் அதுதான் அடர்த்தி. ஓர் அலை ஒரு சுற்று. எண்ணுவதில்தான் வம்பு. கோயிலைச் சுற்றி வருகிறவர் கொடிமரத்தின் முன்னால் நிற்கிறார். மூன்று சுற்று முடித்தாரா, நான்கா? நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூடவே எண்ணிக்கொண்டு வர வேண்டும். அடர்த்தி மிக வேகமாக மாறினாலோ சிக்னல் ஒரு கணம் மங்கினாலோ என் கருவி ஒரு சுற்றைக் கோட்டைவிடும், இல்லாவிட்டால் ஒன்றைக் கூட எண்ணிவிடும். பிளாஸ்மா அணைந்ததும் கணக்கு பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிசகு.

இன்று பூஜ்யத்துக்கு வரவில்லை. ஒன்று குறைவாக, பூஜ்யத்துக்குக் கீழே வந்து நின்றது.

எங்கே தவறியது? சிக்னல் இரண்டு இடத்தில் மங்கியிருக்கிறது. குண்டு விழுந்து அடர்த்தி ஏறும்போது ஒன்று. கடைசியில் இறங்கும்போது ஒன்று. ஏறும்போது ஒன்றை விட்டிருந்தால் உச்சியில் உண்மை அடர்த்தி என் கருவி காட்டிய மூன்று சுற்று அல்ல, நான்கு. அது சாதனை, வடை பிழைக்கும். இறங்கும்போது ஒன்றைக் கூடுதலாகக் கழித்திருந்தால் உச்சி மூன்றுதான். ஃபிளெக்ஸைச் சுருட்டி மழைக்குக் கூரை போடலாம்.

இறங்கும்போதுதான். எப்போதும் இறங்கும்போதுதான் தவறும். பதினான்கு வருடமாகத் திருத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 23, வியாழன்

இயக்குநர் அறை. பிஸ்கட் தட்டு வைத்திருந்தார், அப்போதே தெரிந்தது.

"ஒரு சுத்துதானே மேடம். ஏறும்போது போயிருக்கலாம்ல?"

"இறங்கும்போதும் பிசகியிருக்கலாம் சார்."

"ரெண்டுக்கும் சான்ஸ் இருக்குன்னா நல்லதையே எடுத்துக்குவோமே."

"இது ஜாதகம் இல்ல சார்."

"நீங்க கையெழுத்துப் போடலேன்னா இந்த மிஷின் போச்சு. தெரியும்ல?"

"தெரியும். நாளைக்கே இன்னொரு ஷாட் போடுங்க. எண்ணிச் சொல்றேன்."

போட முடியாது. குண்டு சுடும் கருவியில் குளிரூட்டி நின்றுவிட்டது. மாற்று உறுப்பு வெளிநாட்டிலிருந்து வர நவம்பர் கடைசியாகும். ஆக, இருப்பது இந்த ஒரு ஷாட். நான் மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன். வேலை போகும் பயத்தில் இருப்பவர்களுக்கு எண் கணிதம் பிடிக்காது. எனக்கும் இதே நிலையத்தில்தான் வேலை என்பது அவர்களுக்கு நினைவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

இருதயராஜ் வந்தார். கையில் பப்ஸ், மடிக்கணினி. மடிக்கணினியை என் மேஜையில் வைத்தார். துகள்களும் வந்தன.

"மேடம், புதன்கிழமை ஷாட். என் சேனல்ல பாத்தேன். நாலு மேடம்."

அரைக்கண்ணாடி இன்னும் அங்கேயே இருப்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"இதுல நாலு தெரியுதா உங்களுக்கு? எனக்குக் கொசுக்கூட்டம்தான் தெரியுது."

"ஒரு இடத்துல பாத்தா தெரியாது. உச்சி முழுசுக்கும் சராசரி எடுக்கணும். ஒளி திரும்புறது அடர்த்திக்கும் காந்தப்புலத்துக்கும் தக்கதானே? எனக்கு ஒரு முழுச் சுத்தே வராது மேடம், கொஞ்சூண்டு கோணம்தான். அதனால எண்ண வேண்டியதே இல்ல. எண்ணாதவனுக்கு எண்ணிக்கை எப்படித் தப்பும்?"

"அலங்காரமா பேசாதீங்க."

"சரி, உங்க கோயிலுக்கே வரேன். நீங்க எத்தனை சுத்துன்னு எண்ணுறீங்க. நான் அந்தாளு சட்டை எவ்வளவு நனைஞ்சிருக்குன்னு பாக்கறேன். இது நாலு சுத்து வேர்வை."

போகச் சொன்னேன். போனார். மேஜையைத் துடைக்க இரண்டு டிஷ்யூ ஆயிற்று.

அக்டோபர் 28, செவ்வாய்

காலையில் வீட்டில் மின்வெட்டு. பேட்டரியில் அவர் தரவைத் திறந்து பார்த்தேன். தப்பை அவருக்குக் காட்டத்தான்.

என் பழைய ஷாட்டுகளில் கணக்கு ஒழுங்காகப் பூஜ்யத்துக்குத் திரும்பிய மூன்றை எடுத்தேன். அவற்றில் அடர்த்தி சந்தேகத்துக்கு இடமில்லாதது. எவை என்று இருதயராஜிடம் சொல்லவில்லை. அவர் கோணங்களிலிருந்து அடர்த்தியைக் கணக்கிட்டேன்.

மூன்றும் என் எண்ணோடு ஒத்துப்போயின. குருட்டாம்போக்கு. இன்னும் ஐந்து எடுத்தேன்.

தண்ணீர் மோட்டாரைப் போட மறந்துவிட்டேன். மின்சாரம் வந்ததும் சபாபதி போட்டாராம். காலைச் சாப்பாடு என்ன என்று அவர் கேட்டபோது மணி பதினொன்று.

அக்டோபர் 30, வியாழன்

எட்டும் ஒத்துப்போகின்றன. மிச்சம் இருப்பது ஒரே சந்தேகம்: அவருடைய அளவுகோலே கோணலாக இருக்கலாம். எட்டும் சின்ன ஷாட்டுகள். பெரிய கோணத்தில் அது சறுக்கலாம். ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் படிகத் தகட்டைக் கையால் திருப்பி, இத்தனை டிகிரிக்கு இவ்வளவு சிக்னல் என்று அவர் எப்போதோ குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கையில் பப்ஸ் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்?

"என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை செய்யுங்க," என்றேன்.

"நீங்களே திருப்புங்க மேடம். நான் தொடவே மாட்டேன்."

நேற்று நான் வறுத்துக் கொண்டுவந்த நீல மணிகளை அவர் குழாயில் நிரப்பினோம். அவை இல்லாவிட்டால், வெளியே கொட்டுகிற மழையில் சிக்னலே கிடைக்காது. தகட்டை நான் திருப்பினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாயை மூடி நான் பார்த்தது இன்றுதான்.

புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தன. பெரிய கோணத்திலும்.

அக்டோபர் 31, வெள்ளி

நான்கு.

நவம்பர் 2, ஞாயிறு

துணி காயவில்லை. வீடு முழுக்கக் கொடி கட்டி, தலையில் ஈரச் சேலை உரச நடக்கிறோம்.

நிலைய வாசலில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டதாம். நான் கையெழுத்துப் போடாமலே. கோதண்டபாணி சார் நடுவில் கைகூப்பி நிற்கிறாராம், பின்னால் சூரியன். இந்த மனிதருக்கு அடர்த்தியும் தெரியாது, அலையும் தெரியாது. நல்லதையே எடுத்துக்குவோம் என்ற ஒன்றுதான் தெரியும். பொய் சொல்லக் கிளம்பியவர் தெரியாத்தனமாக உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டார். உண்மையைத் தேடி உட்கார்ந்திருந்த நான் தவறான எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதைவிட எரிச்சலான ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று மூன்றாகவே இருக்கும். இருதயராஜ் கத்தினாலும் எடுபடாது. அவர் சேனலை நம்ப வேண்டாம் என்று பதினொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. எழுதியது நான். குழு அதைப் படித்திருக்கும்.

சபாபதியிடம் சொன்னேன். அவர் ஈரச் சேலைக்கு அந்தப் பக்கம் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மிஷின் பொழச்சுக்கும். நல்லதுதானே?"

"எனக்குத் தப்பாயிருச்சுங்க."

"ஒரு தடவைதானே வல்லி."

"ஒரு தடவைன்னு எப்படித் தெரியும்? எப்பவும் இறங்கும்போதுதான் தவறும்னு நானே ஒரு விதி வச்சுக்கிட்டேன். யாரும் சரிபார்க்கல. சரிபார்க்க வேற ஆளே இல்ல."

"இப்ப ஒரு ஆள் இருக்காரே," என்று பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

குழுவில் நால்வர். தலைவர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறார். இயக்குநர் நாற்பது ஸ்லைடு காட்டினார். அவற்றில் முப்பத்தெட்டு ஸ்லைடில் அவர் படம் இருந்தது.

அடர்த்தி பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். கோதண்டபாணி சார் என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார். கடைசி வரிசையில் இருதயராஜ், இஸ்திரி போட்ட சட்டையில். வாயில் ஒன்றும் இல்லை.

நான் இரண்டு வளைகோடுகளையும் காட்டினேன். என்னுடையது மூன்று சொல்கிறது, இவருடையது நான்கு சொல்கிறது, இவருடையதுதான் சரி என்றேன். எட்டு ஷாட்டுகளையும், நானே திருப்பிய தகட்டையும் காட்டினேன்.

தலைவர் கோப்பைப் புரட்டினார். பதினொன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். "இந்தச் சேனல் நம்பத்தகுந்தது அல்ல, நீக்க வேண்டும் என்று இதில் இருக்கிறதே. யார் எழுதியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இருதயராஜ் தலை நிமிர்ந்தார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"நான்தான்," என்றேன்.

"எப்போது மனம் மாறினீர்கள்?"

"போன வெள்ளிக்கிழமை."

"அப்படியானால் இதற்கு முன் நீங்கள் கையால் திருத்திய ஷாட்டுகள்?"

தெரியாது என்றேன். கோணத் தரவு இருக்கும் ஒவ்வொன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும், ஆறு வருடம் மட்டும் முடியும், அதற்கு முன்னால் உள்ளவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை என்றேன். யார் பார்ப்பது என்று கேட்டார். நான் எண்ணுவேன், அவர் சரிபார்ப்பார், இருவரும் ஒத்துக்கொண்டால்தான் எண் வெளியே போகும் என்றேன். அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். எடுக்க மாட்டேன், அது அங்கேயே இருக்கட்டும், அடியில் இன்றைய தேதியைப் போட்டு மாற்றி எழுதுங்கள் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வடை இன்னும் மூன்று வருடம் ஓடும், முறையான கடிதம் பிறகு வரும் என்று கிளம்பும்போது சொன்னார்கள். கோணம் அளக்கும் சேனலை விரிவுபடுத்த வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. கோதண்டபாணி சார் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நான் அப்பவே சொன்னேன்ல மேடம்," என்றார்.

ஆமாம். சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. ஃபிளெக்ஸில் இயக்குநரின் மூக்கு வரை சாயம் இறங்கியிருக்கிறது.

லேசர் அறைக்குப் போனால் இருதயராஜ் எனக்கு முன்னாலேயே இருக்கிறார். அரைக்கண்ணாடியைத் துடைக்கக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பதினொண்ணாம் பக்கத்த நேத்து படிச்சேன் மேடம்."

"ம்."

"பதினேழாந்தேதி ஆர்டர். இதக் கழட்டச் சொல்லி. ஷாட் இருபத்திரண்டாந்தேதி."

"பதினெட்டாந்தேதி கழட்டத்தான் வந்தேன். திருகு இறுகியிருந்துச்சு."

அவர் திருகைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். சுலபமாகச் சுழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இப்ப மழை விட்டிருக்கு," என்றேன். "ஈரத்துல இரும்பு இறுகும். காஞ்சா தளரும்."

இருதயராஜ் திருகை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"பித்தளை மேடம் இது," என்றார்.

இந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். தேவையில்லாத இடத்தில் துல்லியம்.